தலை எண்ணெய் விற்கிறேன், கற்றாழை கிரீமுக்குப் போகலாமா? (சுங்கை சிப்புட், மலேசியா)

செம்பருத்தி, சுங்கை சிப்புட்:

எல்லாருக்கும் வணக்கம். டவுனுக்கு வெளியே தோட்டத்தை ஒட்டிய தாமானில் (குடியிருப்பில்) இருக்கிறேன். செம்பருத்தி இலை, கறிவேப்பிலை, கரிசலாங்கண்ணி போட்டுக் காய்ச்சிய தலை எண்ணெயைப் பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) விற்கிறேன். வாட்ஸ்அப்பிலும் ஆர்டர் வருகிறது. தீபாவளிக்கு முன்னால் எண்ணெய்க் குளியலுக்கென்று வாங்கிப் போவார்கள். இப்போது வாங்குபவர்கள் சோப்பு இருக்கிறதா, கைக்குப் பூச கிரீம் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். வீட்டுக்குப் பின்னால் கற்றாழை மண்டிக் கிடக்கிறது, அதைச் சீவிக் கிரீமில் சேர்க்கலாம் என்று நினைக்கிறேன். கெமிக்கல் எதுவும் வேண்டாம் என்பது என் ஆசை. விட்டமின் ஈ போட்டால் கெடாது என்று ஒரு காணொலியில் சொன்னார்கள். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

இன்னொன்று. எண்ணெயிலேயே சில பாட்டில்கள் ஒரு மாதம் போனதும் கலங்கி, ஒரு மாதிரி வாடை அடிக்கிறது. ஏன்?

ஆய்வக அண்ணன், ஈப்போ:

தங்கச்சி, கடைசிக் கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன். மற்ற கேள்விகளுக்கும் பதில் அங்கேதான் இருக்கிறது. ஷாம்பு, லோஷன் செய்யும் தொழிற்சாலைகளில் ஃபார்முலா எழுதுவதும் தரம் பார்ப்பதும்தான் என் பிழைப்பு, அதை வைத்துச் சொல்கிறேன்.

எண்ணெய் கலங்குவதற்குக் காரணம் தண்ணீர். பச்சை இலையின் எடையில் பெரும்பங்கு தண்ணீர்தான். எண்ணெயில் போட்டதும் சடசடவென்று வரும் சத்தம் அந்தத் தண்ணீர் ஆவியாகும் சத்தம். அது முழுசாக அடங்குவதற்கு முன் இறக்கினால் மிச்ச ஈரம் எண்ணெயோடு பாட்டிலுக்குள் போய்விடும். தேங்காய் எண்ணெய் காற்றுப் பட்டுச் சீக்கிரம் காறிப்போகிற எண்ணெய் இல்லை, அதன் கொழுப்பு பெரும்பாலும் செறிவுற்றது. ஆனால் ஈரம் இருந்தால் கொழுப்பு உடைந்து லாரிக் அமிலம் பிரியும். உனக்கு அடிக்கிற அந்த வாடை, பழைய சோப்பு மாதிரி இருந்தால், அதுவேதான். அடியில் தேங்கிய ஈரத்தில் பூஞ்சையும் பிடிக்கும்.

நம் வைத்தியர்கள் இதற்கென்று பதம் வைத்திருக்கிறார்கள். தைலம் காய்ச்சும்போது அடியில் படியும் கல்கத்தை (அரைத்த மூலிகை விழுதை) கொஞ்சம் எடுத்து விரலால் உருட்டிப் பார்ப்பார்கள். திரி மாதிரி உருண்டு வர வேண்டும். அதையே நெருப்பில் காட்டினால் சத்தமில்லாமல் எரிய வேண்டும். சடசடத்தால் உள்ளே ஈரம் இருக்கிறது, இன்னும் காய்ச்ச வேண்டும். ஆய்வகத்தில் ஈரம் அளக்கும் கருவியை வைத்துக்கொண்டு நாங்கள் தேடுவதும் இதைத்தான்.

சுலபமான வழி, இலையைக் காய வைத்துவிட்டு எண்ணெயில் போடுவது. நம் ஊர்க் காற்றில் இருக்கிற ஈரத்துக்கு நிழலில் மட்டும் வைத்தால் காய்வதற்குள் பூஞ்சை வந்துவிடும். பழம், மீன் உலர்த்தும் மின்சாரப் பெட்டி இருந்தால் 50 பாகை செல்சியஸுக்குள் வைத்து, கையில் நொறுக்கினால் பொடியாகும் வரை காய விடு. ஒரு பங்கு காய்ந்த இலைக்குப் பத்துப் பங்கு எண்ணெய். கொதிநீர்ச் சட்டிக்குள் பாத்திரத்தை இறக்கி, எண்ணெய் 60, 70 பாகையில் இரண்டு மூன்று மணி நேரம் இருக்கட்டும். வடிகட்டி ராத்திரி முழுக்க ஆடாமல் வைத்துவிட்டு, காலையில் மேலே தெளிந்ததை மட்டும் எடு. அடி வண்டலை வீணாகிறதே என்று பாட்டிலில் ஊற்றாதே. பாட்டிலும் உள்ளே ஒட்டக் காய்ந்திருக்க வேண்டும்.

விட்டமின் ஈ பற்றி. அது எண்ணெய் காற்றில் காறுவதைத் தள்ளிப்போடும், 0.1 முதல் 0.2 விழுக்காடு போதும். கிருமியை அது ஒன்றும் செய்யாது. கிரீம் கெடாமல் காக்கிற சக்தி அதற்கு இல்லவே இல்லை. கற்றாழைக்கு இரவு வந்து எழுதுகிறேன், அது பெரிய கதை.

பால்மரத்து மாமா:

அண்ணன் சொல்வது சரிதான், ஆனாலும் ஒரு சந்தேகம். தோட்டத்தில் எங்கள் அம்மா காலத்திலிருந்து கற்றாழையைச் சீவி அப்படியே தலையில், தீக்காயத்தில் பூசியிருக்கிறோம். ஒன்றும் ஆனதில்லையே?

ஆய்வக அண்ணன், ஈப்போ:

மாமா, சீவின உடனே பூசுவதில் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. தோலுக்கு அடியில் வடிகிற மஞ்சள் பாலை மட்டும் கழுவிவிட வேண்டும், அது அரிக்கும். சிக்கல் பாட்டிலில் அடைத்து விற்கும்போது வருகிறது. சீவிய கற்றாழைச் சோற்றில் தண்ணீர் இருக்கிறது, சர்க்கரை வகைகள் இருக்கின்றன, தோட்டத்து மண்ணிலிருந்து வந்த கிருமிகளும் இருக்கின்றன. பாக்டீரியாவுக்கு வேறு என்ன வேண்டும்? நம் ஊரில் அறைச் சூடே 30 பாகைக்கு மேல். வாங்கியவர் அதைக் குளியலறையில் வைத்து, தினம் ஈர விரலை விட்டு எடுப்பார்.

இதில் பயப்பட வேண்டியது என்னவென்றால், கண்ணுக்குத் தெரியாது. ஒரு கிராமில் லட்சக்கணக்கில் பாக்டீரியா இருக்கிற கிரீம் வெள்ளையாக, வாசனையாக, புதுசு மாதிரியே இருக்கும். ஆசியான் விதிப்படி சாதாரண கிரீமில் ஒரு கிராமுக்கு 1000 வரைதான் இருக்கலாம். மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கும் கண்ணைச் சுற்றிப் போடுவதற்கும் 500. சூடோமோனாஸ் ஏருஜினோசா, ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ், கேண்டிடா அல்பிகன்ஸ் என்கிற நோய்க்கிருமிகள் மூன்றும் அறவே இருக்கக்கூடாது. வெடிப்பு விழுந்த கையில், வெட்டுக்காயம் பட்ட கையில் பூசப்போகிற பொருள் இது. செம்பனை (பாமாயில் மரம்) குலை வெட்டுகிறவர் கையை நினைத்துப் பாருங்கள்.

தங்கச்சி, அதனால் சொல்கிறேன், தண்ணீர் சேர்ந்த பொருள் வேறு தொழில். எண்ணெய், தைலம், மெழுகு சேர்த்த கெட்டிப் பூச்சு (பாம்), கட்டி சோப்பு இவை ஒரு பக்கம். கிரீம், லோஷன், ஷாம்பு, ஜெல் இன்னொரு பக்கம். இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போக, பதனப்பொருள் (கிருமி வளராமல் தடுக்கும் பொருள்) இல்லாமல் முடியாது. அதை விஷம் என்று நினைக்காதே. ஃபீனாக்ஸிஎத்தனால் அதிகபட்சம் 1 விழுக்காடு என்று சட்டமே அளவு வைத்திருக்கிறது. அந்த அளவுக்குள் அது செய்கிற வேலை, வாங்கியவரின் தோலைக் கிருமியிடமிருந்து காப்பாற்றுவது. சோடியம் பென்சோயேட், பொட்டாசியம் சார்பேட் ஜோடியும் உண்டு. ஆனால் அவை பிஎச் (அமிலமா காரமா என்று காட்டும் அளவு) 5க்குக் கீழே இருந்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும். பிஎச் பார்க்காமல் போடுவதும் போடாமல் விடுவதும் ஒன்றுதான்.

செம்பருத்தி, சுங்கை சிப்புட்:

அண்ணே, இவ்வளவு விளக்கமாக யாரும் சொன்னதில்லை. பதனப்பொருள் போட்டே செய்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரு மாதிரி ஃபார்முலா கொடுப்பீர்களா? விற்க இல்லை, கற்றுக்கொள்ள.

ஆய்வக அண்ணன், ஈப்போ:

கற்றுக்கொள்ள என்றால் தருகிறேன். எல்லாமே எடை விழுக்காடு. கரண்டி, கப் அளவு வேண்டாம், 0.01 கிராம் வரை காட்டும் தராசு வாங்கு. முதலில் வாங்க வேண்டிய பொருளே அதுதான்.

தண்ணீர்ப் பாகம்: வாலைவடி நீர் 76.5, கிளிசரின் 4, சாந்தன் கம் 0.3, டைசோடியம் இடிடிஏ 0.1.
எண்ணெய்ப் பாகம்: கேப்ரிலிக் கேப்ரிக் ட்ரைகிளிசரைடு 8, நல்லெண்ணெய் 3, எமல்சிஃபையிங் வாக்ஸ் (எண்ணெயையும் தண்ணீரையும் பிரியாமல் சேர்க்கும் மெழுகு) 5, சீட்டரைல் ஆல்கஹால் 1.5.
ஆறிய பின்: ஃபீனாக்ஸிஎத்தனாலும் எத்தில்ஹெக்ஸைல் கிளிசரினும் கலந்த பதனப்பொருள் 1, விட்டமின் ஈ 0.2, வாசனை 0.3, கற்றாழைத் தூள் 0.1.

கூட்டினால் 100 வரும். கற்றாழைத் தூள் என்பது 200 மடங்கு செறிவாக்கிக் காய வைத்தது. 0.1 போட்டாலே சாறாகக் கணக்குப் பார்த்தால் 20 விழுக்காடு ஆகிறது. பச்சைக் கற்றாழையின் கிருமிப் பிரச்சினை இதில் பெருமளவு குறைகிறது, ஒவ்வொரு தடவையும் ஒரே தரமாகவும் வரும்.

சாந்தன் கம்மை நேரே தண்ணீரில் கொட்டினால் கட்டி கட்டியாகிவிடும். முதலில் கிளிசரினில் குழைத்துக்கொள், பிறகு தண்ணீர். இரண்டு பாகத்தையும் தனித்தனியாக 75 பாகைக்குக் கொண்டுவந்து இருபது நிமிடம் அதே சூட்டில் வை. பிறகு எண்ணெயைத் தண்ணீரில் ஊற்றிக்கொண்டே கை பிளெண்டரால் அடி. பிளெண்டர் தலை எப்போதும் கலவைக்குள்ளேயே முங்கியிருக்கட்டும், மேலே தூக்கினால் காற்றுக் குமிழி ஏறிவிடும். வெளுத்துக் கெட்டியானதும் பிளெண்டரை வைத்துவிட்டு, 40 பாகைக்குக் கீழே வரும்வரை கரண்டியால் மெதுவாகக் கிளறு. கற்றாழைத் தூளை எடுத்து வைத்த கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, பதனப்பொருளோடு அப்போதுதான் சேர்க்க வேண்டும். சூட்டில் ஆவியான தண்ணீரை எடை போட்டுப் பார்த்து ஈடு செய். இதை விட்டால் ஒரு தடவை கெட்டியாகவும் ஒரு தடவை இளக்கமாகவும் வரும், காரணமும் புரியாது. கடைசியில் பிஎச் பார்த்து, சிட்ரிக் அமிலக் கரைசல் சொட்டுச் சொட்டாக விட்டு 5 முதல் 5.5க்குள் நிறுத்து.

மூன்று பாட்டில் எடுத்து வை. ஒன்று குளிர்பெட்டியில், ஒன்று வெளியில், ஒன்று 40 பாகைச் சூட்டில். மூன்று மாதம். பிரிகிறதா, நிறம் மாறுகிறதா, பிஎச் நகர்கிறதா என்று வாரா வாரம் எழுது. கார் டாஷ்போர்டில் வைத்துப் பார்ப்பதாகச் சிலர் சொல்கிறார்கள். அங்கே மத்தியானம் ஒரு சூடு, ராத்திரி ஒரு சூடு, அதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது.

சோப்புக்கார அக்கா, கூலிம்:

சோப்புப் பகுதியை நான் எடுத்துக்கொள்கிறேன், அது என் பேட்டை. தங்கச்சிக்கு அடுத்த படி சோப்பாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. கட்டி சோப்பின் பிஎச் 9, 10 இருக்கும், அதில் கிருமி லேசில் வளராது, பதனப்பொருள் தேவையில்லை.

ஆனால் கணக்கு சுத்தமாக இருக்க வேண்டும். ஒவ்வொரு எண்ணெய்க்கும் ஒரு கிராமுக்கு எவ்வளவு காஸ்டிக் சோடா என்று ஒரு எண் உண்டு. தேங்காய் எண்ணெய் 0.183, செம்பனை எண்ணெய் 0.141, நல்லெண்ணெய் 0.133, விளக்கெண்ணெய் 0.128. ஒரு கிலோவுக்கு நான் போடுவது செம்பனை 500, தேங்காய் 300, நல்லெண்ணெய் 150, விளக்கெண்ணெய் 50. பெருக்கினால் 70.5, 54.9, 20, 6.4. மொத்தம் 151.8 கிராம். அதில் 5 விழுக்காடு குறைத்துப் போடுவேன், 144 கிராம். அந்தக் குறைவால் கொஞ்சம் எண்ணெய் சோப்பாகாமல் தங்கும், தோல் வறளாது. தண்ணீர் 288. தேங்காயை 30 விழுக்காட்டுக்கு மேல் ஏற்றினால் நுரை பொங்கும், ஆனால் தோலை இழுத்துப் பிடிக்கும்.

இனிமேல் சொல்வதைக் கவனமாகக் கேள். காஸ்டிக்கைத் தண்ணீரில் போட வேண்டும், தண்ணீரைக் காஸ்டிக் மேல் ஊற்றக் கூடாது. போட்டதும் கொதிநீர் மாதிரி சூடேறி ஆவி கிளம்பும். ஜன்னல் திறந்திருக்கட்டும், கண்ணாடி, கையுறை போட்டிரு, பிள்ளைகள் அந்தப் பக்கமே வரக்கூடாது. அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது. நம் வீடுகளில் பெரிய சட்டி என்றால் அலுமினியம்தான் கைக்கு வரும். காஸ்டிக் அதைத் தின்றுவிடும், ஹைட்ரஜன் வாயு கிளம்பும், அது தீப்பிடிக்கிற வாயு. எவர்சில்வர் அல்லது அடியில் 5 என்று போட்ட பிளாஸ்டிக் பாத்திரம் எடு. கையில் பட்டுவிட்டால் குழாயைத் திறந்துவிட்டு இருபது நிமிடம் ஓடுகிற தண்ணீரில் காட்டு. காடி ஊற்றுகிறேன் என்று ஓடாதே. கண்ணில் பட்டால் அலசிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு.

மஞ்சள் சோப்பு பற்றியும் சொல்லிவிடுகிறேன், எல்லாரும் கேட்பது அதுதான். மஞ்சள் தூளைப் போட்டதும் கலவை இரத்தச் சிவப்பாக மாறும். பயப்படாதே. தாம்பாளத்தில் மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்து ஆரத்தி எடுக்கிறோமே, அதே சிவப்பு. காரத்தில் மஞ்சளுக்கு அந்த நிறம். சோப்பு ஆற ஆறப் பழுப்பு கலந்த ஆரஞ்சாகத் தங்கும். வெளிச்சத்தில் வைத்தால் வெளுத்துப் போகும், அதனால் கண்ணாடி அலமாரியில் அடுக்காமல் அட்டைப் பெட்டிக்குள் வை.

நம் ஊர் மழைக்காலத்தில் சோப்பு மேல் முத்து முத்தாக நீர் கோத்து நிற்கும். கெட்டுப்போனது என்று தூக்கி எறிந்துவிடாதே. சோப்பில் இயற்கையாக இருக்கும் கிளிசரின் காற்று ஈரத்தை இழுக்கிறது, அவ்வளவுதான். ஈரம் உறிஞ்சும் மின்கருவி வைத்த சிறு அறையில் நாலு முதல் ஆறு வாரம் அடுக்கி வைத்தால் கட்டி இறுகிவரும்.

மருந்தாளர் தோழி:

அக்கா, அருமை. ஆனால் காஸ்டிக் சோடா வாங்குவதற்கு முன் ஒரு வார்த்தை. மலேசியாவில் அது 1952ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டத்தின் கீழ் வருகிறது. அதற்கென்றே 1962இல் தனி விதிமுறையும் போட்டிருக்கிறார்கள். வாங்க, வைத்திருக்க, பயன்படுத்த சுகாதார அமைச்சின் மருந்தக அமலாக்கப் பிரிவில் பெர்மிட் உண்டு. தொழிலாகச் செய்யப்போகிறவர் முதலில் அங்கே போய் விசாரிக்க வேண்டும்.

இப்போது செம்பருத்திக்கு. இது கசப்பாக இருக்கலாம், ஆனால் சொல்லாமல் விட முடியாது. தலை எண்ணெயும் சட்டப்படி அழகுசாதனப் பொருள்தான். குளிக்கிற சோப்பும் அப்படித்தான். விற்பது பசார் மாலாமில் ஆனாலும் வாட்ஸ்அப்பில் ஆனாலும், விற்பதற்கு முன் என்பிஆர்ஏவிடம் (தேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பு) அறிவிப்புச் செய்திருக்க வேண்டும். 2008 ஜனவரியிலிருந்து பழைய பதிவு முறை போய் அறிவிப்பு முறை வந்துவிட்டது. குவெஸ்ட் என்கிற இணைய முறையில் விண்ணப்பிக்கிறோம், ஒரு பொருளுக்கு 50 வெள்ளி (ரிங்கிட்), இரண்டு வருடத்துக்கு. கிடைப்பது 'நாட்' என்று தொடங்கும் எண். எஸ்எஸ்எம்மில் (நிறுவனங்களைப் பதியும் ஆணையம்) தொழில் பதிவு செய்திருக்க வேண்டும். பதியும்போதே தொழில் விவரத்தில் அழகுசாதனப் பொருள் என்று சேர்த்துவிடுங்கள், பிறகு அலைய வேண்டாம்.

பணம் பெரிசில்லை. பெரியது இடம். உற்பத்தி நடக்கும் இடம் அழகுசாதனப் பொருளுக்கான ஜிஎம்பி (நல்ல உற்பத்தி முறை) வழிகாட்டிக்கு ஒத்துவர வேண்டும். கழுவித் துடைக்கக்கூடிய தரை, சுவர், மூலப்பொருளுக்குத் தனி இடம், ஒவ்வொரு தொகுதிக்கும் (ஒரு தடவையில் செய்து முடிக்கும் அளவு) எழுத்துப் பதிவு, சுத்தம் செய்த பதிவு. மத்தியானம் சம்பல் அரைத்த மேசையில் சாயந்திரம் கிரீம் அடிப்பது இதில் வராது. அறிவிப்பு இல்லாமல் விற்றால் 1984ஆம் ஆண்டு மருந்து, அழகுசாதனக் கட்டுப்பாட்டு விதிமுறைப்படி தனியாளுக்கு முதல் தடவை 25,000 வெள்ளி வரை அபராதம், அல்லது மூன்று வருடம் வரை சிறை, அல்லது இரண்டும்.

செம்பருத்தி, சுங்கை சிப்புட்:

எண்ணெய்க்கும் வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை அக்கா. பசார் மாலாமில் எங்களை மாதிரி நிறையப் பேர் இருக்கிறோம். இந்த வாரத்திலிருந்து எண்ணெயை நிறுத்திவிட்டு வழி தேடுகிறேன். ஆனால் தனி இடம் கட்டுகிற வசதி இல்லையே?

ஆய்வக அண்ணன், ஈப்போ:

கட்டத் தேவையில்லை. ஜிஎம்பி உள்ள ஒப்பந்தத் தொழிற்சாலையில் கொடுத்துச் செய்யலாம், அறிவிப்பு எண் உன் நிறுவனத்தின் பெயரில் இருக்கும். பெரும்பாலான சின்னப் பிராண்டுகள் அப்படித்தான் ஓடுகின்றன. ஆனால் கையெழுத்துப் போடும் முன் நாலு விஷயம் கேள். ஃபார்முலா யாருடையது? உன் எண்ணெயை நீ சொன்ன முறையில் காய்ச்சுவார்களா, அல்லது அவர்களிடம் தயாராக இருப்பதில் உன் லேபிளை ஒட்டித் தருவார்களா? குறைந்தபட்ச ஆர்டர் எவ்வளவு? ஹலால் சான்று வேண்டுமானால் ஜாக்கிம் (ஹலால் சான்று தரும் அரசுத் துறை) ஒப்புக்கொள்ளும் மூலப்பொருளா? முதல் கேள்விக்குப் பதில் எழுத்தில் வர வேண்டும். வாய்ச்சொல்லை நம்பி ஃபார்முலாவைக் கொடுத்துவிட்டு, அதே எண்ணெய் வேறு பெயரில் கடைக்கு வந்ததைப் பார்த்து நின்றவர்களை எனக்குத் தெரியும்.

இரண்டாவது வழி, கூட்டாகச் சேர்வது. சுற்றுவட்டாரத்தில் எண்ணெய், நலங்குமாவு, சீயக்காய் விற்கிற நாலைந்து பேர் சேர்ந்து ஒரு கடைவீட்டை எடுத்து விதிப்படி அமைத்தால் வாடகையும் பதிவு வேலையும் பங்காகிவிடும். நம் தோட்டத்து மக்களுக்குக் கூட்டுறவு புதிதில்லை. மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவராக இருந்த துன் சம்பந்தன் 1960இல் தோட்டத் தொழிலாளர்களிடம் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்துக் கூட்டுறவுச் சங்கம் கட்டியவர், உங்கள் சுங்கை சிப்புட்காரர்.

பால்மரத்து மாமா:

அதைப் படித்ததும் ஒன்று எழுதத் தோன்றியது. கிளிசரின், சீட்டரைல் ஆல்கஹால் என்று அண்ணன் பட்டியல் போட்டாரே, அதெல்லாம் எங்கிருந்து வருகிறது என்று என் மகனைக் கேட்டேன். அவன் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் இருக்கிறான். பாதிக்கு மேல் செம்பனையிலிருந்தே எடுக்கலாம் என்கிறான். பழத்தின் சதையில் சமையல் எண்ணெய். உள்ளே கொட்டையின் பருப்பில் வேறு எண்ணெய், தேங்காய் எண்ணெய் மாதிரியே. அதிலிருந்துதான் ஷாம்புவில் நுரைக்கிற பொருள் செய்கிறார்களாம். நாங்கள் அறுவாளைத் தூக்கிக் குலை சாய்த்தவர்கள். உதிரிப் பழத்தைப் பொறுக்கிச் சாக்கில் போட்டது எங்கள் வீட்டுப் பெண்கள். அந்தப் பழத்தில் என்ன என்ன இருக்கிறது என்று எங்களுக்கு யாரும் சொன்னதில்லை. இந்தப் பிள்ளைகள் படித்துச் செய்யட்டும்.

வெள்ளைப்பூ:

அண்ணா, அக்கா, நடுவில் கேட்கிறேன். முகம் வெளுக்கிற கிரீம் மொத்தமாக வாங்கிப் பெயர் ஒட்டி விற்கலாம் என்று ஒருவர் சொல்கிறார். ஒரு வாரத்தில் பலன் தெரியும், லாபம் நிறைய என்கிறார். செய்யலாமா?

மருந்தாளர் தோழி:

வேண்டாம். ஒரு வாரத்தில் வெளுக்கிறது என்றால் அதில் பாதரசமோ, ஹைட்ரோகுவினோனோ, ட்ரெட்டினாயினோ, ஸ்டீராய்டோ இருக்கிறதா என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். சுகாதார அமைச்சு பறிமுதல் செய்து பெயர் வெளியிடுகிற கிரீம்களில் திரும்பத் திரும்ப வருவது இவைதான். பாதரசம் தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பூசுகிறவருக்கு மட்டும் இல்லை, அதே தலையணையில் படுக்கிற குழந்தைக்கும் போகும். விதிப்படி மூலப்பொருளிலிருந்து தவறி ஒட்டிவரும் அளவாகக்கூட பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் அனுமதி. ஹைட்ரோகுவினோனை வருடக்கணக்கில் பூசினால் முகத்தில் நீலக்கறுப்புத் திட்டு விழும், அதை எடுக்கவே முடியாமல் தவிப்பவர்கள் உண்டு. ட்ரெட்டினாயின் மருத்துவர் எழுதித் தர வேண்டிய மருந்து, கர்ப்பிணிகள் தொடக்கூடாது.

என் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கால் வீங்கியது. சோதனை எல்லாம் செய்து கடைசியில் மருத்துவர் கேட்டது, முகத்துக்கு என்ன பூசுகிறாய் என்று. பெட்டியில் முகவரி இல்லை, தொகுதி எண் இல்லை, வெறும் ஒரு பூப் படம். உங்கள் பெயரை ஒட்டி விற்றால் நாளைக்கு அந்தக் கேள்விக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டும்.

சோப்புக்கார அக்கா, கூலிம்:

தோழி சொன்னதற்கு மேல் ஒன்றும் இல்லை. வெள்ளைப்பூ, அந்த ஆளிடம் 'நாட்' எண்ணைக் கேளுங்கள், என்பிஆர்ஏ தளத்தில் நீங்களே தேடிப் பார்க்கலாம்.

பால்மரத்து மாமா:

வெயிலில் நிற்கிறவர்களுக்குச் சன்ஸ்கிரீன் செய்யலாமா அண்ணன்? ஜிங்க் ஆக்ஸைடு பொடி இணையத்தில் கிடைக்கிறதாமே.

ஆய்வக அண்ணன், ஈப்போ:

அதை மட்டும் வீட்டில் தொடவே வேண்டாம் மாமா. பொடி எண்ணெயில் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு திட்டுத் திட்டாக நிற்கும், கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிந்தாலும் நடுவில் ஓட்டை இருக்கும். எஸ்பிஎஃப் எண்ணை (வெயிலை எவ்வளவு தடுக்கும் என்கிற அளவு) சோதனை இல்லாமல் யாரும் சொல்ல முடியாது. நம்பிப் பூசிக்கொண்டு வெயிலில் நிற்பவர் வெந்து போவார். தொப்பி, நீளக் கைச் சட்டை, கடையில் கிடைக்கும் சோதித்த சன்ஸ்கிரீன்.

நலங்குமாவு, சீயக்காய் விற்கிறவர்களும் இதைப் படிப்பதால் ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். பொடியில் தண்ணீர் இல்லை, அதனால் கிருமி வளராது. ஆனால் ஏற்கனவே ஒட்டிக்கொண்டு வந்த கிருமி அப்படியே இருக்கும். மண்ணில் கிடந்த வேர், பட்டை, பயறு எல்லாம் அரைத்தால் 1000 என்கிற அளவை லேசாகத் தாண்டிவிடும். வாங்கும் இடத்தில் சுத்தம் பார்த்து, கழுவிக் காய வைத்து, அரைத்த பின் ஆய்வகத்தில் ஒரு தடவையாவது எண்ணிப் பார்க்க வேண்டும். பெரிய டப்பா வேண்டாம், ஒரு குளியலுக்கு ஒரு பொட்டலமாகக் கட்டினால் ஈரக் கை உள்ளே போகாது.

செம்பருத்தி, சுங்கை சிப்புட்:

ஒரு ஒப்பந்தத் தொழிற்சாலையில் பேசினேன். எண்ணெய் ஒன்றை மட்டும் முதலில் எடுக்கிறேன், சோப்பு அடுத்த வருடம், கிரீம் இப்போதைக்கு நோட்டுப் புத்தகத்தில். லேபிள் வாசகம் எழுதியிருக்கிறேன், தோழி அக்கா பார்த்துச் சொல்ல முடியுமா?

"செம்பருத்தி மூலிகைத் தலை எண்ணெய். முடி கொட்டுவதை நிறுத்தும். பொடுகு, அரிப்பு, புழுவெட்டு குணமாகும். நூறு விழுக்காடு கெமிக்கல் இல்லாதது. சேர்மானம்: தேங்காய் எண்ணெய், மூலிகைகள். 100 மில்லி."

மருந்தாளர் தோழி:

பார்க்கிறேன் செம்பருத்தி.

"முடி கொட்டுவதை நிறுத்தும்" எடுத்துவிடுங்கள், அது மருந்துக்கான வாக்கு. புழுவெட்டு ஒரு நோய், "குணமாகும்" என்ற சொல்லே லேபிளில் வரக்கூடாது. "முடிக்கு மினுமினுப்பும் மென்மையும் தரும்" என்று எழுதலாம், உங்கள் எண்ணெய் அதைச் செய்கிறது. "கெமிக்கல் இல்லாதது" வேண்டாம், தேங்காய் எண்ணெயும் வேதிப்பொருள்தான், கேள்வி வந்தால் நிற்காது.

சேர்மானத்தில் "மூலிகைகள்" என்று பொதுவாகப் போடக் கூடாது. உலகப் பொது இன்சி பெயரில், அதிகம் உள்ளது முதலில் வரும்படி: கோகோஸ் நியூசிஃபெரா ஆயில், பிறகு ஹிபிஸ்கஸ் ரோசா சைனென்சிஸ் இலைச் சாறு, முர்ரயா கோனிகீ இலைச் சாறு, எக்ளிப்டா ப்ரோஸ்ட்ராட்டா சாறு, டோகோஃபெரால் (விட்டமின் ஈ). தேங்காய் எண்ணெய் ஒவ்வாதவர்கள் இதைப் பார்த்துத்தான் ஒதுங்குவார்கள். லேபிளில் இவை ஆங்கில எழுத்தில் இருக்கட்டும். பயன்படுத்தும் முறை மலாயில் அல்லது ஆங்கிலத்தில் கட்டாயம், கூடத் தமிழும் போடலாம்.

விட்டுப்போனவை: உங்கள் நிறுவனத்தின் பெயரும் முகவரியும், எந்த நாட்டில் செய்தது, தயாரித்த தேதி அல்லது காலாவதித் தேதி, தொகுதி எண், "வெளிப்பூச்சுக்கு மட்டும், கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளவும்" என்ற எச்சரிக்கை.

செம்பருத்தி, சுங்கை சிப்புட்:

தொகுதி எண்ணை எப்படிப் போடுவது அக்கா? தொழிற்சாலைதானே போடும்?

ஆய்வக அண்ணன், ஈப்போ:

போடுவது அவர்கள், நகல் வைத்துக்கொள்வது நீ. வருடம், மாதம், அந்த மாதத்தில் எத்தனையாவது தடவை காய்ச்சியது என்று இருந்தால் போதும். ஒவ்வொரு எண்ணுக்கும் எந்த எண்ணெய் டின், எந்த இலை மூட்டை, யாருக்கு எத்தனை பாட்டில் போனது என்று ஒரு வரி எழுது. யாராவது ஒருவர் தலை அரிக்கிறது என்று வந்தால், அந்த ஒரு தொகுதியை மட்டும் திருப்பி எடுக்கலாம், மொத்தத்தையும் கொட்ட வேண்டியதில்லை. ஒவ்வொரு தொகுதியிலும் இரண்டு பாட்டில் விற்காமல் அலமாரியில் எடுத்து வை, காலாவதி ஆகும்வரை.